கருவில் ஊறும் முதற் குருதி

(வெள்ளி விழாக் கல்வியரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

வெள்ளி விழா மேடையில் கடந்து வந்த பாதையைப் பாராட்டிப் பேசுவது மரபு. அப்பணியை நமக்கு முன் பேசிய பெரியோர்கள் செவ்வனே செய்து முடித்துவிட்டனர். கல்விக்காகத் தோன்றிய கழகத்தின் விழாவில் ஒரு பாடமேனும் நடைபெறுதல் வேண்டும் என்று கருதி, நாம் ஓர் அறிவியற் பொருளை எடுத்துக்கொண்டுள்ளோம். தாயின் வயிற்றில் வளரும் கருவில் குருதி எவ்வாறு முதன்முதலில் உண்டாகின்றது, அதை உண்டாக்கும் மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன, எப்போது உறங்குகின்றன என்பதே அப்பொருள்.

கலைப் பட்டம் பெற்ற தலைமையாசிரியருக்கு இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவலாம். குருதி என்பது மருத்துவர்க்கு மட்டும் உரிய பொருள் அன்று. குருதியின் பெயரைச் சொல்லியே இந்நாட்டில் மனிதரை மேல் என்றும் கீழ் என்றும் பிரித்தனர். குருதிக் குறைவினாலேயே நம் பெண்மக்கள் பலர் இன்றும் வாடுகின்றனர். ஆகவே இதனை அறிந்துகொள்வது நம் ஒவ்வொருவருக்கும் கடமையாகின்றது.

குருதியும் அதன் தொழிலும்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி ஓடுகின்றது. அதில் 20 முதல் 30 இலட்சம் கோடி சிவப்பணுக்கள் மிதக்கின்றன. ஒரு சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாட்கள். மடிந்தவற்றின் இடத்தை நிரப்ப, நொடிக்கு இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட புதிய அணுக்களை எலும்பு மச்சை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றது. நாம் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் இந்நேரத்திலும் அப்பணி நின்றபாடில்லை.

ஒவ்வொரு சிவப்பணுவினுள்ளும் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் அடங்கியுள்ளன. ஹீமோகுளோபின் என்பது நான்கு புரதச் சங்கிலிகள் ஒன்றுசேர்ந்த அமைப்பு. ஒவ்வொரு சங்கிலியும் ஓர் இரும்பு அணுவைத் தன் மடியில் வைத்திருக்கின்றது. நுரையீரலில் உயிர்வளியைப் பற்றிக்கொண்டு, உடலின் உறுப்புகளில் அதனை இறக்கிவைப்பது இவ்விரும்பே. குருதியின் செந்நிறமும் இதனால் வந்ததே. இரும்புச் சத்துக் குறைந்தால் முகம் வெளிறுவதும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் ஏன் என்பது இதனால் விளங்கும்.

வளர்ந்தவரின் ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபாச் சங்கிலிகளும் இரண்டு பீட்டாச் சங்கிலிகளும் உள்ளன. கருவில் இருக்கும்போது நமக்கு இந்த ஹீமோகுளோபின் மிகுதியாக இருந்ததில்லை. அப்போது வேறு சங்கிலிகள் இருந்தன. இம்மாற்றமே இன்று நாம் பேசவந்த செய்தியின் உயிர்நாடி.

அடைவைத்த முட்டை காட்டும் பாடம்

நம் தாய்மார்கள் நாட்டுக்கோழியை அடைவைத்து, சில நாட்கள் கழித்து முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்ப்பதுண்டு. உள்ளே சிவந்த நூல்கள் படர்ந்திருந்தால் அது கருக்கூடிய முட்டை; இல்லையேல் கூமுட்டை. அச்சிவந்த நூல்களே கருவின் முதற் குருதிக் குழாய்கள். ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் முட்டைகளை நாள்தோறும் உடைத்துப் பார்த்து, மூன்று நாட்களுக்குப் பின் துடிக்கும் செம்புள்ளியைக் கண்டு எழுதிவைத்தார்.

அமெரிக்க நாட்டு அறிவியலறிஞர் ஃபுளோரன்ஸ் சேபின் என்னும் அம்மையார், அடைகாத்தலின் இரண்டாம் நாளில் கோழிக் கருவினுள் குருதிக் குழாய்களும் சிவப்பணுக்களும் உண்டாவதை உயிருள்ள நிலையிலேயே நுண்ணோக்கி வழியே கண்டு, 1920ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டார். 1925ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசிய அறிவியற் கழகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதற்பெண்மணியும் அவரே. இதனை இங்கே அமர்ந்துள்ள மாணவிகள் நினைவிற் கொள்ள வேண்டும். அடுப்படியில் நம் பாட்டிமார் கண்ட அதே செந்நூலை அவர் நுண்ணோக்கியிற் கண்டார். நம் பாட்டிமார்க்கு நுண்ணோக்கியும் கிட்டவில்லை, பள்ளியும் கிட்டவில்லை. வேறுபாடு அவ்வளவே.

மூன்று ஆலைகள்

மனிதக் கருவில் குருதி மூன்று இடங்களில், ஒன்றன்பின் ஒன்றாக உண்டாகின்றது. முதல் ஆலை, கருவிற்கு வெளியே அதனோடு ஒட்டியிருக்கும் மஞ்சட்கருப் பை. கருவுற்ற மூன்றாம் வாரத்திலேயே அங்கே குருதித் தீவுகள் எனப்படும் சிறு திட்டுகள் தோன்றுகின்றன. தாய்க்குத் தான் கருவுற்றிருப்பதே ஐயமாயிருக்கும் காலம் அது. அத்திட்டுகளில் பிறக்கும் முதற் சிவப்பணுக்கள் அளவிற் பெரியவை. உட்கருவுடனேயே ஓடத் தொடங்குபவை.

இரண்டாம் ஆலை கருவின் கல்லீரல். ஆறாம் வாரமளவில் பணி அங்கே தொடங்கி, கருக்காலத்தின் நடுப்பகுதி முழுவதும் அதுவே குருதியின் தலைமை இடமாகின்றது. மூன்றாம் ஆலை எலும்பு மச்சை. பிறப்பு நெருங்குகையில் அது பொறுப்பை ஏற்று, வாழ்நாள் முழுவதும் சுமக்கின்றது. இங்குப் பிறக்கும் சிவப்பணு, குருதியோட்டத்தில் கலக்குமுன் தன் உட்கருவை வெளியே தள்ளிவிட்டு, இருக்கும் இடமெல்லாம் ஹீமோகுளோபினை நிரப்பிக்கொள்கின்றது.

ஆலை மாறுவதோடு சரக்கும் மாறுகின்றது. முதற் சில வாரங்களில் உண்டாகும் ஹீமோகுளோபின் வகைகளுக்கு, இலண்டன் மாநகரின் கோவர் தெருவின் பெயரால் கோவர் ஒன்று, கோவர் இரண்டு என்றும், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரின் பெயரால் போர்ட்லண்ட் என்றும் பெயரிட்டனர். இவற்றில் சீட்டா, எப்சிலான் என்னும் சங்கிலிகள் உள்ளன. பின்னர் இரண்டு ஆல்ஃபாவும் இரண்டு காமாவும் சேர்ந்த கருக்கால ஹீமோகுளோபின் வந்து நிலைபெறுகின்றது. பிறப்பை ஒட்டிக் காமா குறைந்து, பீட்டா பெருகுகின்றது.

இம்மாற்றத்திற்கு ஒரு காரணம் உண்டு. தாயின் குருதியே சேயின் உடலில் ஓடுகின்றது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது உண்மையன்று. நச்சுக்கொடியில் தாயின் குருதியும் சேயின் குருதியும் மெல்லிய திரையின் இருபுறமும் ஓடுகின்றன, ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆகவே, சேயின் ஹீமோகுளோபின் தாயின் ஹீமோகுளோபினிடமிருந்து உயிர்வளியைத் திரை வழியே ஈர்த்துக்கொள்ளும் ஆற்றல் பெற்றிருத்தல் வேண்டும். காமாச் சங்கிலி உடைய ஹீமோகுளோபினுக்கு அந்தப் பிடிப்பு மிகுதி. பிறந்து தானே மூச்சுவிடத் தொடங்கியபின் அத்தகைய பிடிப்புத் தேவையில்லை.

கருக்குழந்தையின் குருதி வேறுபட்டது என்பது புதிய செய்தியன்று. 1866ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் ஆய்வாளர் கோர்பர், வளர்ந்தோர் குருதியைக் காரம் விரைவில் சிதைக்கின்றது, பிறந்த குழந்தையின் குருதி அதனை எதிர்த்து நிற்கின்றது என்று கண்டறிந்தார். ஏன் என்பது விளங்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

மரபணு விழிப்பதும் உறங்குவதும்

நம் உடலின் உயிரணுக்களில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் டி.என்.ஏ. என்னும் நெடிய இழை சுருண்டிருக்கின்றது. அவ்விழையில் புரதங்களைச் செய்வதற்கான கட்டளை எழுதப்பெற்ற பகுதிகளே மரபணுக்கள். மனிதரிடம் இத்தகையவை ஏறத்தாழ 20,000 உள்ளன. கண்ணின் உயிரணுவிலும், தோலின் உயிரணுவிலும், பிறக்கப்போகும் சிவப்பணுவிலும் இருப்பது ஒரே தொகுப்புத்தான். ஆயினும் கண்ணில் ஹீமோகுளோபின் உண்டாவதில்லை. கட்டளை எல்லா இடத்திலும் இருக்கின்றது. சில இடத்தில்தான் அது படிக்கப்படுகின்றது. படிக்கப்பட்டுப் புரதமாக வெளிப்படுவதையே மரபணு வெளிப்பாடு என்கின்றனர்.

1936ஆம் ஆண்டில் இராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு நூற்பாலை நம் ஊர்களின் வாழ்வோடு கலந்தது. ஆலையில் எல்லாக் கதிர்களும் எந்நேரமும் ஓடுவதில்லை. எந்த ஷிப்டில் எந்த எந்திரம் ஓட வேண்டும், எந்த நம்பர் நூல் இறங்க வேண்டும் என்பதை மேற்பார்வையாளர் முடிவு செய்கின்றார். உடலிலும் அவ்வாறே. மரபணு எந்திரம் என்றால், அதனை ஓட்டவும் நிறுத்தவும் சில கட்டுப்பாட்டுப் புரதங்கள் மேற்பார்வையாளராய் அமைகின்றன.

பதினொன்றாம் குரோமோசோமில் எப்சிலான், இரண்டு காமா, டெல்ட்டா, பீட்டா ஆகிய மரபணுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. கருவில் எந்த முறையில் அவை விழிக்கின்றனவோ, அதே முறையிலேயே இழையிலும் அடுக்கப்பட்டிருப்பது வியப்பிற்குரியது. இவ்வரிசைக்கு முன்னே கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்று உள்ளது. இழை வளைந்து, அப்பகுதி எந்த மரபணுவைத் தொடுகின்றதோ அது முழுவீச்சில் இயங்குகின்றது. ஆல்ஃபாவும் சீட்டாவும் பதினாறாம் குரோமோசோமில் உள்ளன.

காட்டா-1 என்னும் புரதம் இல்லையேல் சிவப்பணுவே முதிர்வதில்லை. அது நீக்கப்பட்ட எலிக்கருக்கள் குருதியின்றிக் கருவிலேயே மடிந்தன. கே.எல்.எஃப்-1 என்னும் மற்றொரு புரதம் பீட்டா மரபணுவை எழுப்புகின்றது. 1995ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுகளில், அது நீக்கப்பட்ட எலிக்கருக்கள் மஞ்சட்கருப் பையின் காலத்தைக் கடந்துவிட்டன. கல்லீரல் காலத்தில், பீட்டா தேவைப்பட்ட வேளையில் மடிந்தன. ஒவ்வொரு காலத்திற்கும் உரிய மேற்பார்வையாளர் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

காமாவை உறங்கவைப்பது எது என்னும் வினா நெடுங்காலம் விடையின்றி நின்றது. வளர்ந்த பின்னும் கருக்கால ஹீமோகுளோபின் மிகுதியாக உள்ள மக்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, 2007ஆம் ஆண்டில் பி.சி.எல்.11.ஏ என்னும் மரபணுவைச் சுட்டினர். அதன் புரதமே காமாவை அடக்குகின்றது என்பதை 2008ஆம் ஆண்டில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்க்கின் ஆகியோர் அமெரிக்காவில் மெய்ப்பித்தனர்.

ஆறாம் மாதத்துக் குழந்தை

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். நம் பகுதியில் ஒரு குடும்பம்; பெயர் வேண்டா. ஆலைத் தொழிலாளி ஒருவர் தம் அத்தை மகளை மணந்தார். கொழுகொழுவென்று பெண் குழந்தை பிறந்தது. ஐந்து மாதம் வரையில் குறையேதுமில்லை. ஆறாம் மாதம் முதல் குழந்தை வெளிறத் தொடங்கிற்று, பால் குடிக்க மறுத்தது, வயிறு புடைத்தது. கண்ணேறு என்றனர் சிலர். தாயின் பால் கெட்டுவிட்டது என்றனர் சிலர். வந்த மருமகளின் இராசி என்றும் ஒரு சொல் எழுந்தது. கடையில் வாங்கிய இரும்பு மருந்தை மாதக்கணக்கில் புகட்டினர். பின்னர் மதுரைக்குக் கொண்டுசென்று பரிசோதித்தபோது, பெருந் தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிநோய் எனத் தெரிந்தது.

ஆறு மாதம் நலமாயிருந்த குழந்தை பின் நலிந்தது ஏன்? நாம் இதுவரை கூறிய பாடமே விடையாகின்றது. அக்குழந்தையின் பீட்டா மரபணுக்கள் இரண்டும் பழுதானவை. பிறக்கும்போது ஹீமோகுளோபினில் ஏறத்தாழ 60 முதல் 80 விழுக்காடு காமாவுடையது. ஆகவே பழுது தெரியவில்லை. காமா உறங்கி, பீட்டா விழிக்க வேண்டிய மாதங்களில் பீட்டா எழவில்லை. பணி மாறும் வேளையில் சங்கு ஊதிற்று. பழைய ஷிப்டு வெளியேறிற்று. புதிய ஷிப்டிற்கு ஆள் வரவில்லை. தாயின் பாலிலும் குற்றமில்லை, அவள் இராசியிலும் குற்றமில்லை. பழுதான மரபணுவில் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தது. பழியை ஒருத்தி தலையில் சுமத்தியது அறியாமை. அத்தாய் இரண்டாண்டுகள் அச்சொல்லைச் சுமந்தாள் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சு பதைக்கின்றது.

பழுதான பீட்டா மரபணு ஒன்று மட்டும் உடையவர் கடத்துநர் எனப்படுவர். அவர் நலமாகவே இருப்பார். சற்றே குருதி குறைந்திருக்கலாம். இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் இத்தகையோர் என மதிப்பிட்டுள்ளனர். கடத்துநர் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கடத்துநராய்ப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு. பழுதேயின்றிப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற் குழந்தை நோயுற்றதால் அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்கிடுதல் தவறு. ஒவ்வொரு கருவிற்கும் சீட்டுப் புதிதாகக் குலுக்கப்படுகின்றது.

நீலமலையிற் கண்ட உண்மை

பீட்டா மரபணுவின் மற்றொரு பழுது அரிவாள் அணுச் சோகை. பீட்டாச் சங்கிலியின் ஆறாம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிவிடுவதால், உயிர்வளி குறைந்த இடத்தில் சிவப்பணு கதிரறுக்கும் அரிவாள் போல் வளைகின்றது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைத்துத் தாங்கொணா வலியை உண்டாக்குகின்றன. 1910ஆம் ஆண்டில் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடாத் தீவிலிருந்து பல்மருத்துவம் பயில வந்த கறுப்பின மாணவர் ஒருவரின் குருதியில் இதனைக் கண்டதை வெளியிட்டார். அதன்பின் பல்லாண்டுகள் இதனைக் கறுப்பர் குருதியின் நோய் என்றே அந்நாட்டில் இழிவாகப் பேசினர்.

1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் இருவர் நம் நீலகிரி மலைவாழ் பழங்குடியினரிடையே இதே பண்பைக் கண்டு வெளியிட்டனர். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் அது காணப்பட்டது. ஓரினத்தின் நோய் என்னும் கூற்று தகர்ந்தது. பின்னர் 1954ஆம் ஆண்டில் ஆலிசன் என்பார், இம்மரபணு ஒன்று மட்டும் உடையோர்க்கு மலேரியாக் காய்ச்சலிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கின்றது என்று காட்டினார். கொசு மிகுந்த காட்டிலும் சதுப்பிலும் பல தலைமுறைகள் வாழ்ந்தவரிடம் இது தங்கியது. நிலமும் காய்ச்சலும் தந்த அடையாளத்தை இழிகுலத்தின் அடையாளம் என்று கூறுதல் எத்துணைப் பேதைமை!

இங்கும் காமாவின் கருணை உண்டு. அரிவாள் அணு நோயுள்ள குழந்தைகள் பிறந்த சில மாதங்கள் நலமாயிருப்பது கருக்கால ஹீமோகுளோபினாலேயே என்று 1948ஆம் ஆண்டில் ஜேனட் வாட்சன் என்னும் பெண் மருத்துவர் கருத்துரைத்தார். 1986ஆம் ஆண்டில் ஒடிசா நோயாளரைப் பற்றி வெளிவந்த ஆய்வு, அவர்களிடம் வளர்ந்த பின்னும் கருக்கால ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதைக் காட்டிற்று. ஜமைக்கா நாட்டு நோயாளரைவிட அவர்கள் ஓரளவு நலமாயிருந்ததற்கு அது காரணமாகக் கூறப்பட்டது. உறங்கிய காமாவை மீண்டும் எழுப்பினால் நோய் தணியும் என்னும் எண்ணம் இவ்வாறே வலுப்பெற்றது.

அகமணமும் குருதியும்

அண்ணல் அம்பேத்கர் 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25. தன் வட்டத்திற்குள்ளேயே மணந்துகொள்ளும் அகமணமே சாதியின் உயிர் என்பது அவர் காட்டிய முடிவு. நூறாண்டு கழித்து, ஐதராபாத்தின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டில் தெற்காசியாவின் 263 குழுக்களின் மரபணுக்களை ஆராய்ந்து வெளியிட்டனர். அவற்றுள் 81 குழுக்களில், சிறு முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகி உள்ளுக்குள்ளேயே மணந்ததன் அடையாளம் மிக வலுவாயிருந்தது. ஒடுங்கு மரபணு நோய்கள் இத்தகைய குழுக்களில் மிகுதல் இயல்பு. தூய்மையைக் காப்பதாகக் கூறி எழுப்பிய வேலிக்குள் நோயே விளைந்தது.

இதனைக் கூறும்போது நம் வீட்டையும் நாம் நோக்க வேண்டும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது நம்மிடையேயும் உள்ள வழக்கம். சொத்துச் சிதறாது, பெண் கண்காணாத இடத்தில் துன்புறாள் என்னும் அன்பும் அதில் உண்டு; மறுப்பதற்கில்லை. ஆயினும், பிறக்கும் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்துசேரும் வாய்ப்பு, தாய்மாமன் திருமணத்தில் எட்டில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் பதினாறில் ஒன்று. உறவுக்குள் மணம் பேசுவோர் குருதிப் பரிசோதனையையும் சேர்த்துப் பேசுதல் அறிவுடைமை.

குருதி வங்கியின் பைகளில் ஏ, பி, ஏபி, ஓ என்னும் வகையும் ஆர்.ஹெச். குறியும் எழுதப்படுகின்றன, குலத்தின் பெயர் எழுதப்படுவதில்லை. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவத் துணி, யாருடைய காயம் என்று கேட்டுவிட்டுக் கட்டப்படுவதில்லை. மூன்றாம் வாரத்துக் கருவில் எப்சிலானை எழுப்பும் கட்டளை அரசர்க்கும் ஆண்டிக்கும் ஒன்றே.

வேலூரும் புதிய மருத்துவமும்

தலசீமியாக் குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்றுதல் வேண்டும். ஏற்றும் குருதியோடு இரும்பு சேர்ந்து இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். அதனை நீக்கவும் மருந்து வேண்டும். முற்றிலும் நீக்கும் வழியாக மச்சை மாற்றுச் சிகிச்சை வந்தது. நம் மாநிலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986ஆம் ஆண்டில் மருத்துவர் மாமன் சாண்டியின் தலைமையில் இச்சிகிச்சை தொடங்கப்பெற்றது. பொருந்தும் உடன்பிறப்புக் கிடைத்தோர்க்கு அது மறுபிறவி.

அரிவாள் அணு நோயாளர்க்கு ஹைட்ராக்ஸியூரியா என்னும் மாத்திரை, உறங்கிய காமாவை ஓரளவு எழுப்பி வலியைக் குறைக்கின்றது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் காஸ்ஜெவி என்னும் சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தன. நோயாளியின் குருதி மூல அணுக்களை வெளியே எடுத்து, பி.சி.எல்.11.ஏ மரபணுவைச் சிவப்பணுவில் இயக்கும் சிறு பகுதியை வெட்டிவிட்டு, மீண்டும் உடலிற் செலுத்துகின்றனர். அடக்குவோன் நீங்கவே காமா விழிக்கின்றது. கருவில் நம்மைக் காத்த ஹீமோகுளோபின் வளர்ந்தோரையும் காக்கின்றது. ஆயின் அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டாலர். நம் ஊர்த் தொழிலாளி பல பிறவி எடுத்தாலும் ஈட்ட இயலாத தொகை.

ஆகவேதான் இந்நாட்டிலேயே ஆய்வு நடைபெறுதல் வேண்டும். வேலூர் மூல அணு ஆய்வு மையத்தினர் காமா மரபணுவை எழுப்பும் திருத்தங்களைத் தேடி 2022ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தில்லியின் ஐ.ஜி.ஐ.பி. நிறுவனம் உருவாக்கிய அரிவாள் அணு நோய்க்கான மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு, பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயர் சூட்டப்பெற்று 2025ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்றது. 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று நடுவணரசு தொடங்கிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கம், 7 கோடி மக்களைச் சோதிப்பதை இலக்காகக் கொண்டது. அதில் தமிழ்நாடும் அடங்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் தலசீமியாவையும் அரிவாள் அணு நோயையும் தன் பட்டியலிற் சேர்த்துள்ளது. உரிமை இருப்பதை அறியாதவர்க்கு அவ்வுரிமை இருந்தும் பயனில்லை.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவதாக, 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் சோகையுற்றவர். இவர்களுட் பலருக்குக் குறை, உணவின் இரும்புச் சத்தில்தான். பள்ளியில் வாரந்தோறும் வழங்கும் மாத்திரையைப் பிள்ளைகள் சிலர் சன்னலுக்கு வெளியே எறிவதைத் தலைமையாசிரியராகிய நாம் கண்டிருக்கிறோம். அது எறியத்தக்கதன்று. நாளை உங்கள் வயிற்றில் ஒரு கரு முதற் குருதியை உண்டாக்கும்போது, அதற்கான இரும்பு உங்களிடமிருந்தே செல்லும். முருங்கைக் கீரையும் கேழ்வரகும் நம் எட்டாத பொருள்கள் அல்ல.

இரண்டாவதாக, மாத்திரை உண்டும் குருதி ஏறாவிடில், தலசீமியாக் கடத்துநரா என்று சோதித்தறிதல் வேண்டும். மருத்துவரைக் கேளாமல் இரும்பு மருந்தை ஆண்டுக்கணக்கில் உண்ணுதல் கூடாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் எச்.பி.எல்.சி. என்னும் ஒரு சோதனை வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். சாதகப் பொருத்தம் பார்க்கச் செலவிடும் பொழுதில் இதனையும் பார்த்துவிடலாம்.

மூன்றாவதாக, கடத்துநர் என்று தெரிந்த பெண்ணையோ ஆணையோ ஒதுக்குதல் பெருங்குற்றம். ஒதுக்கப்படுதலின் வலியை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? கடத்துநர் ஒருவர், கடத்துநரல்லாத ஒருவரை மணந்தால் பெருநோய் பிறப்பதற்கு இடமில்லை. இருவருமே கடத்துநராயின், கருவுற்ற 11 முதல் 14 வாரங்களுக்குள் கருவைச் சோதித்தறியும் வசதி பெரிய மருத்துவமனைகளில் உண்டு. அச்சமின்றி மருத்துவரை நாடலாம்.

நான்காவதாக, 18 வயது நிரம்பி, 45 கிலோ எடையும் நல்ல உடல்நலமும் உடைய இளைஞர்கள் குருதிக் கொடை அளிக்க முன்வருதல் வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறையும் அளிக்கலாம். ஒரு தலசீமியாக் குழந்தையின் அடுத்த மாதம் உங்கள் கையில் இருக்கின்றது.

ஐந்தாவதாகவும் முடிவாகவும், 2022ஆம் ஆண்டில் நம் மாவட்டத் தலைநகராம் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. மருத்துவம் மட்டுமே படிப்பன்று. குருதியைச் சோதிக்கும் ஆய்வகத் தொழில்நுட்பம், செவிலியம், உயிர்வேதியியல், மரபியல் எனப் பல வாயில்கள் உள. நம் பிள்ளைகள் அவற்றுள் நுழைய வேண்டும். எந்த நோயை ஆராய வேண்டும், எந்த மருந்தின் விலை குறைய வேண்டும் என்பதை முடிவு செய்யும் மேசையில் அவர்களும் அமர வேண்டும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இக்கழகம் எய்த வேண்டிய இலக்குகளுள் இதுவும் ஒன்றாகுக.

கருவில் மரபணு காத்திருக்கின்றது. உரிய வேளையில் உரிய விசை தொட்டதும் விழிக்கின்றது. மக்களின் ஆற்றலும் அத்தகையதே. அது எந்தக் குடியில் பிறந்தாரிடமும் இல்லாதிருந்ததில்லை. எழுப்பும் விசை சிலருக்கு மறுக்கப்பட்டது. அவ்விசையே கல்வி. அதனை ஏந்தி இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த நம் கழகம் நீடு வாழ்க என வாழ்த்தி அமைகின்றோம்.